ரெய்னர் கோட்டை விழுந்த மதியம்

ரெய்னர் கோட்டையின் சுவர் ஏழரை அடி கனம். அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரைச் சதுப்பில் மரத்தூண் இறக்கி, செங்கல் சுட்டு, அதைக் கட்டி முடிக்கப் பதினேழு வருஷம் ஆனது. கட்டியவர்கள் கறுப்பு அடிமைகள். அவர்களில் ஒரு கொத்தனார் பிரைமஸ். அவன் பெண்டாட்டி மிண்டா அங்கேயே சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தாள். அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்று வடக்கும் தெற்கும் சண்டைக்கு நின்றதும் தெற்கத்திப் படை கோட்டையைப் பிடித்துக்கொண்டது. "இந்தச் சுவரை உடைக்கிற பீரங்கி இனிமேத்தான் பொறக்கணும்" என்று அதன் கர்னல் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

ஜனவரியில் ஒரு பனிமூட்டக் காலையில் பிரைமஸ் படகெடுத்து எதிர்த்தீவில் இருந்த வடக்கத்திக்காரர்கள் பக்கம் ஓடிப்போனான். மூன்றாம் நாள் அந்தப் படகு மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது.

"உன் ஆளு நண்டுக்கு இரையாயிட்டான் போ" என்றான் சார்ஜண்ட் டூலன்.

மிண்டா அன்றைக்கு வந்த துணி முழுவதையும் அடித்துத் துவைத்தாள். இரண்டு சட்டைகள் கிழிந்தே போயின.

ஏப்ரல் பத்தாம் தேதி விடிந்ததும் எதிர்த்தீவின் மணல்மேடுகளுக்குப் பின்னாலிருந்து முதல் குண்டு வந்தது. புதுமாதிரிக் குண்டு, சுழன்றுகொண்டே வந்து செங்கல்லைக் குடைந்தது. கர்னல் முதலில் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தென்கிழக்கு மூலை பொலபொலவென்று உதிர்ந்து அகழியில் விழுந்ததும் சிரிப்பு நின்றுபோனது. மறுநாள் மதியம் அந்த ஓட்டை ஒரு வண்டியே போகலாம் என்கிற அளவுக்குத் திறந்துவிட்டது. அதன் வழியே வந்த குண்டுகள் முற்றத்தைத் தாண்டி எதிர்மூலையில் மோதின. அந்த மூலையில்தான் வெடிமருந்து அறை இருந்தது.

டூலன் முகமெல்லாம் செங்கல் தூளோடு ஓடிவந்தான். "மிண்டா! போர்வை, சாக்கு, எது கெடக்கோ எல்லாத்தையும் நனைச்சு எடுத்துட்டு வா! பொறி உள்ள போயிடாம மருந்தறைக் கதவுல தொங்கவிடணும்!"

"நானா?"

"நீதான்! பசங்க எல்லாம் பீரங்கிகிட்ட நிக்கறாங்க. அது வெடிச்சா எஜமான் யாரு, அடிமை யாருன்னு பாத்தா வெடிக்கும்?"

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. சொட்டச் சொட்ட நனைத்த போர்வைகளைத் தோளில் சுமந்துகொண்டு முற்றத்தில் ஓடினாள். பாதி வழியில் ஒரு குண்டு தலைக்குமேல் ஊளையிட்டுப் போய்ச் சுவரில் மோதியது. கவிழ்ந்து விழுந்தாள். எழுந்து போர்வையிலிருந்த மண்ணை உதறினாள். வெளுப்பவளின் கை, அதுபாட்டுக்கு உதறியது. நாலு போர்வைகளையும் கதவில் தொங்கவிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் ஒரு இளம் சிப்பாய் கால் சிதைந்து, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயில் தண்ணீர் விட்டாள்.

கர்னல் வந்து மருந்தறைச் சுவரில் விழுந்திருந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"போதும்" என்றார். பிறகு மிண்டாவிடம், "வெள்ளையா ஏதாவது துணி இருக்கா? பெருசா?"

"கஞ்சி போட்டதா, போடாததா, துரை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. டூலன் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். சிரிப்பு அழுகையாக மாறியது. கர்னல் கோபப்படவில்லை. "எதுவானாலும் குடும்மா" என்றார். பத்து வருஷத்தில் அந்தக் கோட்டையில் எந்தத் துரையும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவருடைய படுக்கை விரிப்பையே எடுத்துக் கொடுத்தாள். மற்றதெல்லாம் காயக்கட்டுக்குக் கிழித்தாயிற்று.

விரிப்பு கம்பத்தில் ஏறியது. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காதுக்குள் ரீங்காரம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் கடல்காக்கைகளின் சத்தம் கேட்டது. உயிரோடிருக்கிறோம் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. கூடவே அகோரப் பசி. துணி வெளுக்கும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஆறிப்போன சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். அத்தனை ருசியான ரொட்டியை அவள் அதற்குமுன் தின்றதில்லை.

வடக்கத்தி அதிகாரிகளின் படகு துறையில் ஒதுங்கியது. மீதி ரொட்டியோடு மிண்டாவும் அங்கே போய் நின்றாள். துடுப்புப் போட்ட ஐந்து கறுப்பர்களில் ஒருவன் படகு நிற்கும்முன்பே தண்ணீரில் குதித்து, இடுப்பளவு சேற்றில் தத்தளித்துக்கொண்டு வந்தான். பிரைமஸ்.

"மிண்டா! கை கால் எல்லாம் இருக்கா புள்ள?"

அவள் ரொட்டித் துண்டை அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்கய்யா."

"படகு கவுந்துருச்சு. நீந்திப் போயிட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "அந்தப் பீரங்கிங்கள சதுப்புல இழுத்துட்டு வந்தது நாங்கதான் மிண்டா. எந்த மூலைச் சுவர் பலவீனம்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன். நீ வடக்கு மூலையில இருப்பேன்னு நெனச்சேன். நேத்தியிலேர்ந்து ஒவ்வொரு குண்டுக்கும் என் ஈரக்குலை நடுங்குச்சு."

"நான் மருந்தறை வாசல்ல நின்னேன்."

பிரைமஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருய்யா. கட்டின பொண்டாட்டி தலைமேல குண்டு போட்டவன் ஊருல நீ ஒருத்தன்தான். குறிவெச்சும் தப்பிச்சுட்டேன்ல?" என்றாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

இரண்டு நாள் கழித்து, தாடிவைத்த வடக்கத்தி அதிகாரி ஒருவர் முற்றத்தில் காகிதம் ஒன்றைப் படித்தார். இந்தக் கோட்டையிலிருக்கும் அடிமைகள் இன்று முதல் யாருக்கும் சொந்தமில்லை, சுதந்திரமானவர்கள் என்றிருந்தது அதில். யாரும் கைதட்டவில்லை. சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிண்டா கை தூக்கினாள். "நாளைக்கு உங்க சிப்பாய்ங்களுக்குத் துவைக்கணுமா ஐயா?"

"இஷ்டமிருந்தா துவைக்கலாம். கூலி தருவோம்."

"இஷ்டமில்லன்னா?"

அதிகாரி காகிதத்தை மடித்தார். "இல்லன்னா இல்ல."

"அப்ப நாளைக்கு வேணாம்" என்றாள் மிண்டா. "நாளான்னைக்குப் பாக்கலாம்."

மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். பிரைமஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் சிப்பி பொறுக்கப் போனான்.