ஆறு மணிச் சங்கு

சேர்வர் ஏழாவது தடவையாக உறைந்துபோன அந்த வியாழக்கிழமை காலை, ஜெசிந்தினி அதை எட்டி உதைத்தாள். வலித்தது அவள் கால்தான். இரண்டு ப்ரொசெசர் பூட்டிய அந்த இரும்புப் பெட்டி அசையக்கூட இல்லை. திரையில் கடிகாரம் 6:00:03 என்று காட்டியபடி நின்றுவிட்டிருந்தது. மவுஸ் நகரவில்லை. கீபோர்டில் எதைத் தட்டினாலும் கேட்பாரில்லை. உள்ளே விசிறிகள் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த விசிறிச் சத்தம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்தின் அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு அறை, தேநீருக்கு ஒரு கேத்தல், ஒரு ஜெசிந்தினி. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்துநான்கு டிவிஷன்களில் மழைமானி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு டிவிஷனுக்கு ஒருவர் போய், எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று பார்த்து, பக்கத்துப் பெட்டியில் இலக்கத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்துவார். அது பதுளைக்கு வந்து சேரும். ஆபத்து என்று சேர்வர் முடிவு செய்தால், அந்த டிவிஷனில் உள்ள எல்லாப் போன்களுக்கும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியேறச் சொல்லி மெசேஜ் போகும்.

பழைய சேர்வருக்கு ஒரே ஒரு ப்ரொசெசர். இதைச் செய்து முடிக்க அதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. மலை நாற்பது நிமிடம் பொறுத்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இரண்டு ப்ரொசெசர் உள்ள புதியதை வாங்கினார்கள். அது நான்கு நிமிடத்தில் முடித்துவிடும், உயிரோடு இருந்தால். வந்து ஒரு மாதத்துக்குள் ஏழு தடவை செத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஜெசிந்தினி கரண்டை நிறுத்திப் போட்டு, இருபத்துநான்கு பேருக்கும் போன் பண்ணி, இலக்கத்தைக் கேட்டுக் கையால் அடிக்க வேண்டும். அதற்குள் ஏழரை மணி ஆகிவிடும்.

இதுவரை பெரிய மழை வராததால் பிழைத்தார்கள். வெள்ளிக்கிழமை கன மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கீழ் டிவிஷன் லயத்தில்தான் கங்காணியான அவளுடைய அப்பா யேசுரத்தினமும் அம்மா இருதயம்மாவும் இருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக மண்திட்டு. அம்மா படுப்பது திட்டை ஒட்டிய அறையில், பின் காம்பராவில். நாளைக் காலையும் இந்தப் பெட்டி உறைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே ஜெசிந்தினிக்குப் பயமாக இருந்தது.

இந்த ஒரு மாதத்தில் அவள் செய்யாத வேலை இல்லை. மெமரியைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் போட்டாள். இரண்டு ப்ரொசெசர்களையும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் பார்த்தாள். யு.பி.எஸ். மாற்றினாள். பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து நிஸாம் என்ற என்ஜினியர் கொழும்பிலிருந்து வந்தார். வந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“மிஸ், இந்தப் பக்கம் மழைதானே. ரூம்ல ஈரம் கூட. அதான்.”

“ஈரம் காலையில ஆறு மணிக்கு மட்டுந்தான் வருமா, சேர்?”

நிஸாம் தேநீரைக் குடித்து முடித்து, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம் இரண்டைக் கொடுத்துவிட்டு மத்தியான ரயிலில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஏழு தடவையும் உறைந்தது ஆறு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவைகூட உறையவில்லை. பௌர்ணமிக்கு விடும் போயா லீவு நாளிலும் இல்லை. வேலை நாளில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் சுட வைப்பதால் கரண்ட் இறங்குகிறது என்று ஜெசிந்தினி நினைத்தாள். மின்சார சபைக்கு இரண்டு கடிதம்கூட எழுதினாள். யார்மீதாவது பழியைப் போட்டால்தான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது.

போன புதன்கிழமை அவள் செய்த ஒரு காரியம்தான் உருப்படியானது. உறைந்துபோன பெட்டி தனக்கு என்ன நடந்தது என்று தன் டிஸ்க்கில் எழுதி வைக்காது, எழுத அதற்கு நேரமிருக்காது. அதனால் ஒரு கேபிளை இழுத்துத் தன் பழைய லேப்டொப்பில் மாட்டி, சாகிற நேரத்தில் சேர்வர் சொல்வதையெல்லாம் அதில் விழும்படி செய்து வைத்திருந்தாள். வியாழக்கிழமை உதைத்த காலைத் தேய்த்துக்கொண்டே லேப்டொப்பைத் திறந்தபோது, நாற்பது வரி விழுந்திருந்தது.

அதைப் படித்து முடிக்க அவளுக்குப் பகல் பத்து மணி ஆனது. மெமரியில் பழுதில்லை. ப்ரொசெசரிலும் பழுதில்லை. செய்திகளை வாங்கும் கார்ட்டை இயக்குகிற சின்ன ப்ரோக்ராமில்தான் கோளாறு. பக்கத்துப் பக்கத்து டிவிஷன்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கப்பட்டிருந்தன. மேலே பெய்கிற தண்ணீர்தானே கீழே வரும், அதனால் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மேல் டிவிஷன் செய்தி வந்தால், ப்ரோக்ராம் வேறெதுவும் தொடாதபடி மேல் டிவிஷன் பதிவைப் பூட்டிக்கொண்டு கீழ் டிவிஷன் பதிவைக் கேட்கும். கீழ் டிவிஷன் செய்தி வந்தால் கீழதைப் பூட்டிக்கொண்டு மேலதைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வினாடி ஆகும்.

இரண்டு செய்தியும் ஒரே வினாடியில் வந்தால் ஒரு ப்ரொசெசர் ஒன்றை எடுத்துக்கொள்ளும், மற்றது மற்றதை எடுத்துக்கொள்ளும். இதன் கையில் இருப்பதை அது கேட்கும், அதன் கையில் இருப்பதை இது கேட்கும். தோட்டத்து ஒற்றை ரோட்டில் எதிரெதிரே வந்த கொழுந்து லொறிகள் மாதிரி, இரண்டும் பின்னால் எடுக்க மாட்டேன் என்று நின்றால் கதை முடிந்தது. பழைய சேர்வரில் ஒரே லொறிதான் ஓடியது. அதனால் இந்தக் கோளாறு அங்கே இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

சரி, இரண்டு செய்தி எப்படி ஒரே வினாடியில் வருகிறது? அவள் வரிகளை மறுபடி பார்த்தாள். மேல் டிவிஷன் 6:00:02. கீழ் டிவிஷன் 6:00:02. இரண்டும் அவள் அப்பா அம்மா இருக்கும் தோட்டம்.

ஜெசிந்தினி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு முன் பொத்தான் அழுத்தப் பழக்கப் போனபோது, “ஆறு மணின்னா யாரோட மணிக்கூட்டுல ஆறு மணி?” என்று கேட்டார்கள். ஆளுக்கொரு நேரம் காட்டும் மணிக்கூடுகள். அவள் பெரிய புத்திசாலி மாதிரி, “பெக்டரிச் சங்கு ஊதுனதும் அழுத்துங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மற்றத் தோட்டங்களில் பெக்டரி மூடிக் கிடந்தது, சங்கும் இல்லை. இங்கே மட்டும்தான் இரண்டு டிவிஷனுக்கும் ஒரே சங்கு கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போயாவுக்கும் சங்கு ஊதாது, அவரவர் எழும்பின நேரத்துக்கு அழுத்துவார்கள். மின்சார சபைக்கு எழுதிய கடிதங்களை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ப்ரோக்ராமை எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஈமெயில் போட்டாள். அடுத்த கிழமை பார்க்கிறேன் என்று பதில் வந்தது. ஒரு ப்ரொசெசரை நிறுத்திவிட்டு ஓட்டலாம்தான். உறையாது, ஆனால் அதோடு சேர்ந்த மெமரியும் நின்று, பழைய நாற்பது நிமிடம் திரும்பி வந்துவிடும். மிஷினை இப்போதைக்குத் திருத்த முடியாது. இனி மனுஷரைத்தான் திருத்த வேண்டும். பின்னேரம் ஐந்தரைக்கு, வேலை விட்டு வந்திருப்பார் என்று, கீழ் டிவிஷனில் பொத்தானை அழுத்தும் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்குச் சங்கு ஊதுனதும் அழுத்தாதீங்கப்பா. ராசையா மாமா மொதல்ல அழுத்தட்டும். ஒங்க பெட்டில பச்சை லைட் எரிஞ்ச பொறகு நீங்க அழுத்துங்க.”

மேல் டிவிஷனில் பொத்தானை அழுத்துபவர் காவல்காரர் இராசையா. ஜோடியில் ஒருவர் அனுப்பிவிட்டால் மற்றவர் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அதைத் திட்டத்துக்காரர்கள் ஏதோ நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள்.

“ஏன்? அவன் என்ன பெரிய இவனா?”

“ரெண்டு பேரும் ஒண்ணா அழுத்துனா மிஷின் ஸ்டக் ஆகுதுப்பா.”

“ரெண்டு பேரு அழுத்துறத தாங்காத மிஷின எதுக்குப் புள்ள வாங்குனீங்க?”

“அப்பா, ஒரு ரெண்டு நிமிசந்தான்.”

“ஒனக்குத் தெரியாது. ஒரு நாளு எனக்குக் காய்ச்சல். அவன் முந்திட்டான். காலைல பேரு கூப்பிடுற பெரட்டுல வச்சு, கங்காணிக்குப் பச்சை காட்டுனேன், கங்காணி தூங்கிட்டாருன்னு அத்தன பேரு முன்னால சொன்னான். முப்பது வருசமா ஆளுகள எழுப்பி வேலைக்கு அனுப்புனவன் நான்.”

“அம்மா பின் காம்பராவுல படுக்குறாங்க. அதையாச்சும் நெனச்சுப் பாருங்க.” அவள் குரல் உடைந்தது.

“மிஷின சரி பண்ணு, ஜெசி. மனுசன ஏன் சரி பண்ணப் பாக்குற” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு தடவை செத்த சேர்வர்மீதுகூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அடுத்து இராசையாவைக் கூப்பிட்டாள்.

“ஒங்கப்பா ஒத்துக்கிட்டாரா?” என்றுதான் முதலில் கேட்டார் இராசையா.

“இல்ல மாமா.”

“அதானே பாத்தேன்.” அவருக்கு அதில் சந்தோஷம்தான். “சரிம்மா, நாமளாச்சும் படிச்ச புள்ள சொல்றதக் கேப்போம். அவரு பச்சை காட்டட்டும், பொறகு நான் அழுத்துறேன். ஆனா ஒண்ணு. இத அவருகிட்ட சொல்லிடாத. ராசையா எனக்கு விட்டுக்குடுத்தான்னு தோட்டம் பூரா தம்பட்டம் அடிப்பாரு.”

“சொல்ல மாட்டேன் மாமா” என்றாள். அப்பாடா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவள் மாடியேறும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேர்வர் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். 6:00:01. 6:00:02. 6:00:03. முள்ளுமேல் இருப்பதுபோல இருந்தாள். 6:00:04. கடிகாரம் ஓடியது. மவுஸ் நகர்ந்தது. டிவிஷன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த விசிறிச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆறு மூன்றுக்கு இருபத்திரண்டு வந்திருந்தது. இரண்டு வரவில்லை. பூனாகலைப் பக்கத்து மேல் டிவிஷன், கீழ் டிவிஷன்.

ஆறு நாலு. ஆறு ஐந்து. அப்பாவைக் கூப்பிட்டாள், லைன் போகவில்லை. இராசையாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. ஆறு ஆறு. மலை இறங்கிவிட்டதா? டவர் விழுந்துவிட்டதா? சேர்வர் உறைந்திருந்தால்கூடத் தேவலாம், உதைக்கவாவது ஏதாவது இருந்திருக்கும். இன்று மிஷின் கல்லுப்போல நன்றாக இருந்தது, அவளுக்குத்தான் கை கால் ஓடவில்லை. ஆறு எட்டுக்கு அப்பாவின் போன் கிடைத்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“பெட்டிகிட்டதான். மழை ஊத்துது. அவன் இன்னும் அழுத்தலியே, புள்ள? பச்சைக்குப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“நீங்கதான் முடியாதுன்னீங்களே.”

“சொன்னேன். நீ அழுதியே.”

மேலே ஒருவர் குடையோடு பச்சைக்காகக் காத்து நிற்கிறார், கீழே ஒருவர் குடையோடு பச்சைக்காகக் காத்து நிற்கிறார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள்தான். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டாள்.

“நூத்தி எழுபத்தாறு.”

“அழுத்துங்கப்பா. இப்பவே அழுத்துங்க.”

திரையில் கீழ் டிவிஷன் வந்தது. பத்து வினாடி கழித்து மேல் டிவிஷன் வந்தது. இரண்டு ப்ரொசெசரும் ஒன்றையொன்று மறிக்காமல் வேலையை முடித்தன. ஆறு பன்னிரண்டுக்குக் கீழ் டிவிஷன் வரிசை சிவப்பானது, மெசேஜ் போனது. போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்த அப்பா, “இரு, எதோ வந்திருக்கு” என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். “லயத்தை விட்டு உடனே வெளியேறவும். இது நம்ம லயத்துக்கா?”

“ஆமாப்பா. அம்மாவ கூட்டிக்கிட்டுப் போங்க.”

“அப்ப பெரட்டு?”

“பெரட்டு கெடக்கட்டும், போங்கப்பா.”

போன் அறுந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் எதையும் செய்யவில்லை. அந்த வீணாய்ப்போன நிமிடங்களையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழேகாலுக்குப் போன் அடித்தது, நம்பரைப் பார்க்காமலே எடுத்தாள். அப்பாதான். மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார். லயத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்களாம், அம்மா சூடாகத் தேத்தண்ணி குடிக்கிறாளாம். பின்னால் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

“திட்டு எறங்கிருச்சு, ஜெசி. ஆறரைக்கு. நாங்க ரோட்டுக்கு வந்து கொஞ்ச நேரந்தான்.”

“பின் காம்பரா?”

“பின் காம்பரா, முன் காம்பரா எல்லாந்தான்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவனும் எனக்காகத்தான் நின்னானாமே. இப்பதான் சொன்னான். இங்கதான் நிக்கிறான், பக்கத்துல. இது அவன் போன்தான்.”

ஜெசிந்தினி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்குதா, புள்ள? நாளைக்கு ராசையாவே மொதல்ல அழுத்தட்டும். என் பெட்டி மண்ணுக்குள்ள கெடக்கு.”