இளையவளின் முகம்

மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையைச் சன்னலோரம் இழுத்துப்போட்டுப் படம் வரைவாள். கத்தரிக்காய், வெங்காயம், பிடி உடைந்த கூஜா. வரைந்து முடிக்கும்வரை அந்தக் காய்களை யாரும் தொடக்கூடாது. "இன்னைக்கும் பட்டினியா?" என்று கணவர் கேலி செய்வார்.

இளையவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை, முறையாகப் படித்தவள். "காய்கறியெல்லாம் உனக்கு நல்லா வருதுக்கா. முகத்துக்கு மட்டும் போகாத. அதுக்கு வேற கை வேணும்" என்பாள்.

மூத்தவளுக்கு ஆசை விடவில்லை. தங்கையையே கெஞ்சி, வாராவாரம் சன்னலோரம் உட்காரவைத்தாள். கூஜாவைப் பார்ப்பதுபோலவே அந்த முகத்தையும் பார்த்தாள்: எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே நிழல் தொடங்குகிறது. சற்றே ஏறிய இடப்புருவம், சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் உதடு எல்லாம் மெல்ல மெல்ல ஓவியத் துணியில் வந்தன.

முடிந்த அன்று இளையவள் வெகுநேரம் படத்தின்முன் நின்றாள்.

"வாய் சரியில்லக்கா. ஒட்டவச்ச மாதிரி இருக்கு. எங்கிட்ட குடு, எங்க தப்புன்னு பாத்துச் சொல்றேன்."

மூத்தவள் சுருங்கிப்போனாள். படத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்கே திரும்பினாள். படம் என்னாச்சு என்று தங்கையிடம் எப்போது கேட்டாலும், "பள்ளிக்கூடத்துல தலைக்கு மேல வேலைக்கா" என்பதுதான் பதில்.

ஆசிரியர்களின் ஓவியக் கண்காட்சி நடப்பதைக் கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தாள். "உங்க தங்கச்சி படத்தப் பத்தித்தான் அங்க ஒரே பேச்சு." தன்னிடம் சொல்லவில்லையே என்று நெருடியது. ஆனாலும் பெருமையோடுதான் போனாள்.

நுழைந்ததும் எதிர்ச்சுவரில் மூத்தவள் வரைந்த அந்தப் படம். கீழே, 'நானே வரைந்த என் முகம்' என்ற தலைப்பும் தங்கையின் பெயரும். வாயில் ஒரு கோடுகூட மாறவில்லை.

இளையவள் ஓடிவந்து அவளை ஓரமாக இழுத்தாள். "கத்தாதக்கா, தலைமையாசிரியை இருக்காங்க. எனக்கு இப்பல்லாம் எதுவுமே வர மாட்டேங்குது. உனக்கு இது பொழுதுபோக்கு, எனக்குப் பொழப்பு."

"வாய் சரியில்லன்னியே?"

இளையவள் தலைமையாசிரியை நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அத நம்பி நான் முகம் வரையறதையே விட்டுட்டேன்டி!"

தலைமையாசிரியை அருகில் வந்தார். "அக்காவா? தங்கச்சி எப்படி வரைஞ்சிருக்காங்க பாத்தீங்களா!"

"அவ உக்காந்திருந்தா. வரைஞ்சது நான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா தங்கச்சின்னாலே இந்தப் போட்டிதான்!"

இளையவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். படம் போனதைக்கூட மூத்தவள் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்து, பேருந்துக்குக்கூட நிற்காமல் வீடுவரை நடந்தாள்.

அடுத்த ஞாயிறு, கடையில் கல்லாவில் இருக்கும் பெண்ணை வரவழைத்துச் சன்னலோரம் உட்காரவைத்தாள். மூக்கின் நிழலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கணவர் எட்டிப்பார்த்தார்.

"தங்கச்சி போன்ல இருக்கா. அழறா."

"நான் இல்லன்னு சொல்லுங்க."

"வீட்லதானே இருக்க?"

"அவளுக்கு இல்ல" என்றாள், தூரிகையைத் துடைத்தபடி.