பெரிய டிரம்முக்கு ஒரு பெல்ட்

ஜோவிதா போன பிறகு டிரேவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தது ஒரு டிரம். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியத்தில் வயிற்றுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு அடிப்பார்களே, அந்தப் பெரிய டிரம். கோடை விடுமுறையில் அவள்தான் அதை அல்சூரில் தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றி லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுவந்தாள். புது பெல்ட் தைக்கவேண்டும் என்றாள். தைத்து முடிக்குமுன் ஒரு காலையில் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கல்யாணமாகி மூன்று வருடம்தான்.

டிரேவர் டிரம்மை நகர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போனான், வந்தான். பார்ப்பவர்கள் எல்லாம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே தேய்ந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"சார், நாங்க ஜோவிதா மிஸ்ஸோட பேண்ட் பொண்ணுங்க. டிரம் எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் முன்னால் நின்ற உயரமானவள். "நான் ஷ்ரேயா, சிம்பல் தட்டுறவ. இவ சங்கமித்ரா. டிரம் அடிக்கப் போறவ."

"அடிக்கப் போறேன்னு யாருடி சொன்னா?" என்றாள் பின்னால் நின்ற குள்ளமான பெண்.

"மிஸ் சொன்னாங்க. போதாதா?"

எப்படி இருக்கிறாய் என்று அவர்கள் கேட்கவில்லை. டிரம்மைக் கேட்டார்கள். டிரேவர் வழிவிட்டு நின்றான்.

அவனுக்கு விஷயம் தெரியும். பெண்கள் பள்ளிக்கூடத்து பேண்டில் எல்லோரும் பெண்கள். பெரிய டிரம்முக்கு மட்டும் எதிர்ச்சாரியிலிருக்கும் ஆண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையனை இரவல் வாங்குவார்கள். ஓஸ்வால்ட் மாஸ்டர் பேண்டுக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான். நடுவில் சில பெண்கள் மாட்டிப் பார்த்ததுண்டு. மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் கழுத்து கன்றிப்போய் இறக்கி வைத்துவிடுவார்கள். பெண்களால் ஆகாது என்று அதோடு முடிந்துவிட்டது பேச்சு.

விளையாட்டு டீச்சராக ஜோவிதா சேர்ந்தபோது அதைத் தானே மாட்டி நடந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் கழுத்தில் சிவந்த கோட்டோடு வீட்டுக்கு வந்தாள். "கழுத்துல ஒரே ஒரு வார், டிரேவர். தப்பு பொண்ணுங்க மேல இல்ல, பெல்ட் மேல" என்றாள். இரண்டு தோளிலும் அகலமான பட்டை, கனத்தைத் தாங்க இடுப்பில் ஒரு பட்டை, உள்ளே பஞ்சு. கார் சீட் பெல்ட் துணியில் அவளே கையால் தைக்க ஆரம்பித்தாள். கடைசியில் சேர்க்கவேண்டிய இடங்களில் ஊக்கு குத்தி வைத்திருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை டிரம்மோட வரேன்" என்றான் டிரேவர். "பெல்ட்டை முடிச்சு எடுத்துட்டு வரேன்."

"ஸ்போர்ட்ஸ் டேக்கு அன்னிக்கே பேர் குடுக்கணும் சார்" என்றாள் சங்கமித்ரா. "நான் மார்ச் பண்ணலைன்னா மாஸ்டர் அந்தப் பையனைக் கூப்பிட்டுருவார்."

"சார் இல்ல. அண்ணான்னு கூப்பிடு."

அந்த வாரம் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கும் கடைக்குப் போய், ஊக்கு இருந்த இடத்தில் இம்மி பிசகாமல் தைக்கச் சொன்னான். கடைக்காரர் எதற்கு என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் ஓஸ்வால்ட் மாஸ்டர் விசிலோடு நின்றிருந்தார். ரிட்டையர் ஆன பிறகும் பேண்டுக்காக வருகிறவர்.

"வா மேன். ஜோவிதா ஆசைப்பட்டா, நான் தடுக்கமாட்டேன். ஆனா மதியம் பிரின்சிபாலுக்கு நான் ஒரு பேர் சொல்லியாகணும். ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு டிரம் கீழ விழுந்தா மொத்த பேண்டும் நிக்கும், தெரியும்ல?"

சங்கமித்ரா மாட்டிக்கொண்டாள். விசில் அடித்தது. முதல் பத்தடி நன்றாகத்தான் போனது. பிறகு டிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கித் தொடைக்கு வந்தது. முட்டி இடித்தது. அடுத்த அடியில் தடுக்கி டிரம்மோடு மண்ணில் விழுந்தாள். பின்னால் வந்த வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"அடி பட்டுச்சாம்மா?" என்று ஓடிவந்த மாஸ்டர், இல்லை என்று தெரிந்ததும் மெல்லிய குரலில் சொன்னார். "பரவாயில்ல விடு. சைடு டிரம் எடுத்துக்கோ. நான் பாய்ஸ் ஸ்கூல் பிரதருக்கு போன் பண்றேன்."

சங்கமித்ரா பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. "என்னால ஆகாது அண்ணா. வீட்டுலயும் சொன்னாங்க, உனக்கு எதுக்கு அந்த ஆம்பள டிரம்முன்னு."

டிரேவருக்கு ஆறுதல் சொல்கிறவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. பெல்ட்டை வாங்கிப் பார்த்தான். தோள்பட்டையை அவள் தோளில் வைத்தான். இடுப்புக்கு வரவேண்டிய பட்டை எங்கோ கீழே தொங்கியது.

ஊக்கு குத்தியபோது கண்ணாடி முன்னால் நின்றது யார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இது உன் அளவு இல்ல" என்றான். "ஜோவிதா அளவு. அவ தன் மேல போட்டுப் பாத்து ஊக்கு குத்தியிருக்கா. நான் அப்படியே தெச்சுட்டேன். உன்னைக் கேக்கவே இல்ல."

ஷ்ரேயா எட்டிப் பார்த்தாள். "மிஸ் ஒட்டகச்சிவிங்கி அண்ணா. நெட்பால் வளையத்தைக் குதிக்காமலே தொடுவாங்க. இவ எங்க, அவங்க எங்க!"

"போடி கொக்கு" என்றாள் சங்கமித்ரா.

டிரேவர் சிரித்துவிட்டான். தன் சத்தம் தனக்கே விநோதமாகக் கேட்டது.

ஷ்ரேயா தையல் வகுப்புக்கு ஓடிக் கத்தரியும் ஊசி நூலும் எடுத்து வந்தாள். "ரெண்டு வருஷமா கட்டில் விரிப்புல பூ தெக்க வெச்சாங்க. இன்னிக்காவது உருப்படியா ஒண்ணு தெப்போம். பேகா பேகா, சீக்கிரம்! மாஸ்டர் போனைக் கையில எடுத்துட்டார்."

டிரேவர் ஓஸ்வால்ட் மாஸ்டரிடம் நடந்தான். "மாஸ்டர், பெல்ட் அளவு தப்பு. என் தப்பு. மதியம் வரைக்கும் அந்த போனை மட்டும் பண்ணாதீங்க."

மாஸ்டர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் டிரம்மை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். சங்கமித்ரா அதன் பின்னால் நின்று கையை ஓங்கி அடிப்பதுபோல் வீசிப் பார்த்தாள். "மேல. இன்னும் மேல. அய்யோ, அவ்ளோ வேணாம், எனக்கு ரோடு தெரியணும். அங்க." குரலில் அதட்டல் வந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல டிரேவர் சாக்பீஸால் கோடு போட்டான்.

கோடுகள் விழுந்தது ஜோவிதாவின் தையல்மேல்.

சங்கமித்ரா கத்தரியை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "மிஸ் கையால தெச்சது அண்ணா. வேற எங்கயாச்சும் மடிச்சுத் தெச்சுக்கலாமா?"

"மடிச்சா தோள்ல குத்தும்."

"குத்தினா குத்தட்டும்."

"அதுக்கா அவ இதைத் தெச்சா?"

அவன் கத்தரியை எடுத்தான். துணி கெட்டியாக இருந்தது. அழுத்தி வெட்டினான். பட்டையின் நுனி நீளமாக வந்து கையில் விழுந்தது. நெருக்கமான சின்னத் தையல்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சில் வைத்தான்.

ஷ்ரேயா ஒரு பக்கம், சங்கமித்ரா மறுபக்கம் தைத்தார்கள். ஊசி குத்தியபோதெல்லாம் ஷ்ரேயா திட்டினாள். மற்ற பெண்கள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். டிரேவருக்கு நூல் கோத்துக் கொடுக்கும் வேலை.

வெயில் ஏறிய பிறகு மறுபடி விசில் அடித்தது.

இந்த முறை டிரம் வைத்த இடத்தில் நின்றது. பெரிய டிரம்மின் சத்தத்துக்குத்தான் எல்லோரும் இடது கால் வைக்கவேண்டும். அது தப்பினால் எல்லாக் காலும் தப்பும். முதல் வளைவில் அவளுக்கு ஒரு அடி பிசகியது. சங்கமித்ரா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த அடியை ஓங்கி விட்டாள். வரிசை மொத்தமும் அவளோடு சேர்ந்துகொண்டது. ஒரு சுற்று முடிந்தது. யாரும் கேட்காமலே இரண்டாவது சுற்றும் போனாள். அந்தச் சத்தம் மண் வழியாக வந்து டிரேவரின் செருப்புக்கடியில் இடித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தனக்குக் கால் இருப்பது தெரிந்தது.

ஓஸ்வால்ட் மாஸ்டர் போனை எடுத்தார்.

"பிரதர், ஓஸ்வால்ட். அந்தப் பையன் இந்த வருஷம் வேணாம்... சேச்சே, சண்டையெல்லாம் இல்ல. எங்ககிட்ட ஆள் இருக்கு... பொண்ணுதான். ஏன், பொண்ணுன்னா என்ன?" என்று நேற்றுவரை தான் அப்படிப் பேசாதவர் போலவே சொல்லிவிட்டு வைத்தார். டிரேவரைப் பார்த்தார். "என்ன மேன் பாக்கற? சூப்பரா அடிக்கிறா, சக்கத்தா!"

சங்கமித்ரா வந்து டிரம்மை இறக்கினாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு கோடும் இல்லை. உள்ளங்கைதான் சிவந்திருந்தது.

"குச்சி வழுக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் கிடந்த வெட்டிய துண்டை எடுத்தாள். டிரம் குச்சியின் பிடியில் அதை இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, பல்லால் அறுத்தாள். ஜோவிதாவின் தையல்கள் வெளிப்பக்கமாக வரிசையாக நின்றன. பிடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

பிறகுதான் நினைவு வந்து நிமிர்ந்தாள். "அண்ணா, இதை எடுத்துக்கலாம்ல?"

"எடுத்துக்கோ."

"தேங்க்ஸ் அண்ணா."

அவன்தான் அதைச் சொல்லியிருக்கவேண்டும். இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்ற அந்தக் காலைக்காக. ஒரு வாரம் முழுக்க ஒரு வேலை கொடுத்ததற்காக. ஜோவிதாவின் தையல் ஒரு கையின் சூட்டில் இருக்கப்போவதற்காக. வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு அவன் வாயைத் திறந்தபோது விசில் அடித்துவிட்டது.

"அடுத்த சனிக்கிழமையும் வாங்க அண்ணா, நூல் கோக்க ஆள் வேணும்" என்று கத்திக்கொண்டே ஷ்ரேயா வரிசைக்கு ஓடினாள்.

"வரேன்" என்றான். டிரம் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். சோபாவில் டிரம் இருந்த இடம் வட்டமாக அழுந்திக் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.