கிழக்கு வாசலில் அசையாமல் நின்றவர்

அரண்மனையின் கிழக்கு வாசலில் நிற்கும் காவலருக்கு ஊரில் இரண்டு பெயர்கள். வாசலில் அவர் சிலை. குடியிருப்பில் அவர் ரேடியோ. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொன்னால் புதிதாக வந்தவர்கள் நம்புவதில்லை.

ராஜாக்கள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. தலைநகரம் என்ற பட்டமும் வேறொரு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் தலைநகரம் என்கிற நினைப்பு மட்டும் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. கோட்டை, அரண்மனை, மணிக்கூண்டு, எந்த ராணி குளித்தாள் என்று யாருக்கும் தெரியாத ஒரு குளம் என்று இவற்றைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக அரண்மனை வாசல்களில் இன்னமும் சிவப்பு அங்கியும் உயரத் தொப்பியும் கையில் ஈட்டியுமாகக் காவலர்கள் நின்றார்கள். உள்ளே காப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் முன்னாலேயே யாரோ பத்திரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசல் காவலுக்கென்று விதிகள் உண்டு. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் அதுவாக மனசு வந்து எழுந்து போகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சலுகை. காவலருக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதை யாராவது தாண்டினால் ஈட்டியின் அடியால் தரையில் ஒரு தட்டு தட்டலாம். தட்டியே ஆக வேண்டும். யாரும் தாண்டாதபோது தட்டினால் அது தப்பு. தப்பு செய்தவரைத் தூக்கி அருங்காட்சியகத்தின் பின்பக்கம், பழைய பீரங்கிகளைத் துடைக்கிற வேலையில் போட்டுவிடுவார்கள்.

நம்மவர் அந்த விதிகளைத் தூக்கத்தில்கூட மீறாதவர். ஆனால் அதற்கெல்லாம் சேர்த்து வட்டி போட்டு வாங்கிக்கொள்கிற இடம் ஒன்று வேண்டுமே. அது வீடு. பகல் முழுக்க அடக்கி வைத்த பேச்சு, சாயங்காலம் தொப்பியைக் கழற்றியதும் மடை திறந்தாற்போல் வரும். யார் வந்தார்கள், யார் எப்படி முறைத்தார்கள், எந்தக் குழந்தை பூட்ஸைக் கிள்ளிப் பார்த்தது என்று தொடங்கினால், சோறு ஆறி, குழம்பு ஆறி, கேட்கிறவளும் ஆறிப் போவாள். அதற்குப் பிறகு வெளியே பெஞ்சுக்குப் போவார். கோட்டைச் சுவரை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் காவலர்கள் கூடும் பெஞ்சு அது. அங்கே அவர்தான் ராஜா.

கேட்கிறவள் அவர் மனைவி. தையல் வேலை செய்கிறவள். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டு ஊருக்கே தைத்துக் கொடுக்கிறாள். கொஞ்ச நாளாக அவள், "ஏங்க, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதும், "அது கிடக்கட்டும், இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று இவர் அதன் மேல் ஏறி உட்காருவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. ஆள் நல்லவர். காது மட்டும் வாய்க்குப் பக்கத்தில் இருந்து கெட்டுப் போயிருந்தது.

அந்தச் சமயம் 'பழைய தலைநகர் வாரம்' நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டும், அதில் ஒரு வாசல் காவலரின் படம் வேண்டும் என்று சுற்றுலா அலுவலகம் முடிவு செய்தது. போட்டி இரண்டு பேருக்கு. கிழக்கு வாசலில் சிலை. வடக்கு வாசலில் மீசை. மீசைக்கு மீசைதான் எல்லாம். அதற்கு மெழுகு தடவவே அரைமணி முன்னதாக எழுந்திருக்கிற ஆசாமி. போஸ்டரில் அவன் வந்துவிட்டால் பெஞ்சில் தன் நிலைமை என்னவாகும் என்று நினைத்து நினைத்து நம்மவருக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் போஸ்டரைத் தவிர வேறு பேச்சு இல்லை.

படம் எடுக்கிற அன்று காலையில், சுற்றுலா அதிகாரியம்மாவும் புகைப்படக்காரரும் முதலில் கிழக்கு வாசலுக்கு வந்தார்கள். புகைப்படக்காரர் வாசலின் பக்கவாட்டில் முக்காலியை ஊன்றி, கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்.

"இது சாதாரணப் படம் இல்ல சார்" என்று சிலையிடம் விளக்கினார். "நான் கையைத் தூக்கினதும் கேமரா கண்ணைத் தொறந்துக்கும். கையை இறக்குற வரைக்கும் மூடாது. நடமாடுற கூட்டமெல்லாம் புகை மாதிரி கரைஞ்சிடும். அசையாம நிக்கிற நீங்க மட்டும் பளிச்சுனு விழுவீங்க. ஆடிட்டீங்கன்னா அவ்வளவுதான், நீங்களும் புகை."

சிலை பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. ஆனால் உள்ளுக்குள் மனிதர் மிதந்தார். அசையாமல் நிற்பதற்கென்று ஒரு படம், அதுவும் அவரிடமே வந்திருக்கிறது. மீசை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. நேராக வந்து, மஞ்சள் கோட்டின் விளிம்பில் செருப்பு நுனி படுகிற மாதிரி நின்றாள்.

"பயப்படாதீங்க, கோட்டைத் தாண்ட மாட்டேன்" என்றாள். "வீட்டுல சொல்லிப் பார்த்தேன், முடியல. இங்கதான் நீங்க குறுக்க பேச முடியாது. அதான் வந்தேன்."

அவருக்குத் தொப்பிக்குள் வேர்த்தது.

"வீட்டுல பேசிக்கலாம்னு சொல்ல வர்றீங்க. தெரியும். வீட்டுல நீங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

அதிகாரியம்மா பதறிப்போய் அவளை அப்புறப்படுத்தக் கிளம்பினார். புகைப்படக்காரர் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, "இருக்கட்டும் மேடம், வந்து போற ஆளு எப்படியும் புகையாத்தான் போவாங்க" என்றார். அதிகாரியம்மா நின்றுவிட்டார்.

இதற்குள் குடைக்காரர் ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். மழையோ வெயிலோ, தன் கூட்டம் தன்னைத் தொலைத்துவிடக் கூடாதென்று குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிற வழிகாட்டி அவர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பெண்மணி யார் என்று கேட்டதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வரலாறு தயாராகிவிட்டது. கிழக்கு வாசலில் நின்று குறை சொல்வது இந்த ஊர்ப் பெண்களுக்கு ராஜா காலத்திலேயே கொடுக்கப்பட்ட உரிமை, காவலர் கடைசிவரை கேட்டாக வேண்டும் என்று அவர்கள் பாஷையில் எடுத்துவிட்டார். எல்லோரும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

"மணிக்கூண்டுத் தெருவுல ஒரு கடை காலியாகுது" என்றாள் மனைவி. "கீழ கடை, மேல வீடு. ரெண்டு பக்கமும் ஜன்னல். நம்ம வீட்டுல கோட்டைச் சுவர் மறைச்சுக்கிட்டு வெளிச்சமே கிடையாது. மத்தியானமே லைட் போட்டுத்தான் தைக்கிறேன். இப்பல்லாம் ஊசியில நூல் கோக்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுறேன். அது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அதைச் சொல்ல வந்த அன்னிக்குத்தான் நீங்க தொப்பி பறந்துபோன டூரிஸ்ட் கதையைச் சொன்னீங்க. நல்ல கதைதான். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு, சொல்ல வந்ததை விட்டுட்டேன்."

குடைக்காரர் மொழிபெயர்த்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் அதற்கு முன்னாலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி உங்க சிவப்புச் சட்டைக்கு மூணாவது பட்டன் தச்சேன். இன்னிக்குப் படம் எடுக்குறாங்களேன்னு பார்த்துப் பார்த்துத்தான் தச்சேன். சிவப்பு நூல்னு நினைச்சுக் கறுப்பு நூலால தச்சிருக்கேன். காலைல நீங்க தெருவுல இறங்கினதுக்கப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு. குனிஞ்சு பாருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஓ, குனிய முடியாதுல்ல."

குனிய முடியவில்லைதான். ஆனால் அந்த மூன்றாவது பட்டன் நெஞ்சில் சுட்டது. அவளுடைய தையலில் ஒரு நூல் பிசகி அவர் பார்த்ததே இல்லை. கண் இவ்வளவு மங்கிப்போகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டு, தன் பூட்ஸை எந்தக் குழந்தை கிள்ளியது என்று அளந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கப் பேசித்தான் பழக்கம். பேசவும் வழியில்லாமல் அது முழுசாக உள்ளேயே நின்றது.

"கடைக்குச் சொந்தக்காரர் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னுட்டார். இல்லன்னா செருப்புக் கடைக்காரருக்குக் கொடுத்துடுவார். நான் மட்டும் போய்க் கையெழுத்துப் போடலாம், தடையில்ல. ஆனா மேல வீட்டுல தனியா உக்காந்திருக்க எனக்கு ஆசையில்ல. குடியிருப்பை விட்டா உங்க பெஞ்சு போயிடும், கேக்குற ஆளுங்க போயிடுவாங்க. அது எனக்குத் தெரியாம இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

அவள் ஒரு காலைத் தூக்கினாள். செருப்பு கோட்டுக்கு மேலே நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"இப்ப நான் தாண்டினா நீங்க தட்டித்தான் ஆகணும். தட்டினா சரின்னு வெச்சுக்கிட்டுப் போயிடலாம்னு வரும்போது ஒரு யோசனை பண்ணினேன்." காலைப் பழையபடி பின்னால் வைத்தாள். "வேணாம். அது கோட்டுக்குத் தட்டுற தட்டு. நான் இங்கயே நிக்கிறேன். சரின்னா தட்டுங்க. இல்லன்னா சும்மா நில்லுங்க, நான் போயிடுறேன்."

சரியாக அந்த நேரம் பார்த்து, புகைப்படக்காரர் கையைத் தூக்கினார்.

தூக்கிய கை ஓரக்கண்ணில் தெரிந்தது. பஸ் நிலையச் சுவரில், கதவு உயரப் போஸ்டரில் தன் முகம் தெரிந்தது. பீரங்கி துடைக்கிற துணி தெரிந்தது. மீசையின் சிரிப்பு தெரிந்தது. சும்மா நின்றால் போதும். வாழ்க்கையில் அவருக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

எதிரே அவள் நின்றாள். நாடாவின் இரண்டு நுனிகளையும் கையில் பிடித்தபடி, இமைகூட ஆடாமல் நின்றாள். சுற்றிலும் ஜனங்கள் நெளிந்தார்கள், போனைத் தூக்கினார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அவள் மட்டும் அசையவில்லை. தொழில் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அந்த நிற்பின் தரம் புரிந்தது. மீசைக்குச் சத்தியமாக இது வராது. தனக்கே வருமா என்பது சந்தேகம். இவள் எங்கே போய் இதைப் பழகினாள் என்று யோசித்தார். வேறெங்கே, வீட்டில்தான். அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்று நின்று பழகியிருக்கிறாள்.

அவர் தட்டினார்.

வாசல் வளைவு முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது. ஒரு விதியை உடைத்த பிறகு மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு தட்டும் தட்டினார். தலையையும் ஆட்டினார். ஆட்டிய ஆட்டில் தொப்பி மூக்குவரை இறங்கியது. தொப்பிக்குள்ளிருந்தபடியே மேலும் ஆட்டினார். தொண்டைவரை ஒரு பெரிய பேச்சு வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

மனு ஏற்கப்பட்டுவிட்டது என்று குடைக்காரர் அறிவித்தார். வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் கையை இறக்கி, "அடுத்து வடக்கு வாசல்" என்று முக்காலியை மடக்கினார். மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். "சட்டையைக் கழட்டி வைங்க, பட்டனை மாத்தித் தர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வேகமாக நடந்தாள்.

மறுநாளே நம்மவர் பீரங்கித் துணியைக் கையில் வாங்கினார். அதற்குள் குடியிருப்புப் பெஞ்சில் மீசை போஸ்டருக்கான வாழ்த்துகளை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். பாவம், வடக்கு வாசல் காற்றடிக்கிற வாசல் என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. ஆள் இம்மியும் அசையவில்லை. மீசை அசைந்திருக்கிறது. படத்தில் மூக்குக்குக் கீழே அடுப்பு புகைவது போல விழுந்திருந்ததாம். அச்சகத்துக்கோ நேரமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கிழக்கு வாசல் படத்தையே எடுத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று புகைப்படக்காரர் பிற்பாடு சொன்னார்.

'பழைய தலைநகர் வாரம்' தொடங்கிய அன்று, மணிக்கூண்டுத் தெருவில் புதுத் தையல் கடைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் போஸ்டரை ஒட்டினார்கள். வேலை முடிந்து கையில் பீரங்கிக் கறையோடு வந்தவர் அதன் முன்னால் நின்றார். அரண்மனை வளைவு கல் கல்லாகத் தெரிந்தது. கூட்டம் வெறும் புகை. காவலர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு இழுப்பு, அதற்கு மேலே மூன்று தொப்பிகள். நடுவில், கழுத்தில் தொங்கும் நாடாவின் கோடுகள்கூட எண்ணுகிற மாதிரி, பளிச்சென்று அவள். கீழே பெரிய எழுத்தில், "எத்தனை காலமானாலும் அசையாமல் நிற்கும் நகரம்" என்று போட்டிருந்தார்கள்.

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இதைப் பற்றிச் சொல்ல ஒரு வண்டி விஷயத்தோடு கடைக்குள் ஓடினார். அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் ஒரே தடவையில் நுழைந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"ஏங்க, ஒரு விஷயம்" என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினார். அவள் சொல்லத் தொடங்கினாள்.