தளபதி உடைக்கச் சொன்ன ஹாஷி

எங்கள் மேஜர் ஜெனரல் குவாபத்தாவுக்கு எதிரியைவிடச் சொந்த நாக்குதான் பெரிய தொல்லை. இத்தனை வருடம் படையில் இருந்தும் பேச்சில் ஒசாக்கா வாடை போகவில்லை.

பர்மாவில் நாங்கள் பின்வாங்கிக்கொண்டிருந்த மழைக்காலம். இருட்டுவதற்குள் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வேண்டும் என்று தலைமையகம் உத்தரவிட்டது. ஒழுங்காக முடித்தால் அவர் காலரில் இரண்டாவது நட்சத்திரம் ஏறும். மனிதர் அதற்காகத் தவம் கிடந்தவர். அவருடைய உதவி அதிகாரியான நான்தான் தொலைபேசியைச் சுழற்றிக் கொடுத்தேன்.

“ஹாஷியை உடைங்க! ஒரு துண்டுகூட மிஞ்சக் கூடாது!” என்று கத்தினார்.

எங்கள் ஜப்பானியப் பேச்சில் பாலமும் ஹாஷி, சாப்பிடும் குச்சியும் ஹாஷி. எந்த எழுத்தைத் தூக்கிச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒசாக்காக்காரர் தூக்கும் இடத்தில் டோக்கியோக்காரர் இறக்குவார். மறுமுனையில் இருந்த கேப்டன் உகித்தா அசல் டோக்கியோ.

மாலையில் ஜெனரலும் நானும் போய்ப் பார்த்தால் பாலம் ஜம்மென்று நிற்கிறது. கரையில் உடைந்த குச்சிகள் குவிந்து கிடக்கின்றன. வீரர்கள் சோற்றைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“என்னய்யா இது?”

“எல்லாத்தையும் உடைச்சாச்சு ஐயா!” உகித்தா விறைப்பாக சல்யூட் அடித்தான். “இதான் கடைசிச் சாப்பாடு, செத்தாலும் இங்கதான்னு சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். சில பேர் அழுதுட்டாங்க.”

“பாலம்யா! பாலத்தைச் சொன்னேன்!”

உகித்தாவின் முகம் வெளிறியது. நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். செத்துவிட்டதாகத் தலைமையகம் கைகழுவிவிட்ட எங்கள் இரண்டாம் கம்பெனி! ஒருவரையொருவர் தாங்கியபடி பாலத்தில் தள்ளாடி வந்தார்கள். ஜெனரல் ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார். கடைசி ஆள் கரையேறியதும், “இப்ப உடைங்க! ஆத்துல நிக்கிறதை!” என்றார்.

மறுநாள் தலைமையகம் தொலைபேசியில் கூப்பிட்டது. பாலம் ஏன் தாமதம், யார் தப்பு? ஜெனரல் உகித்தாவைப் பார்த்தார். ராணுவ நீதிமன்றம்தான் என்று தெரிந்து அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பெயரைச் சொன்னால் போதும், நட்சத்திரம் தப்பிக்கும்.

“யாரும் தப்பு பண்ணலீங்க. நான்தான் முதல்ல குச்சியை உடைக்கச் சொன்னேன்.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மூளைக் கோளாறு என்று முடிவு கட்டி அவரை ஓய்வில் அனுப்பினார்கள். கிளம்பும் நாளில் இரண்டாம் கம்பெனி ஆட்கள் அவருக்குச் சமைத்துப் போட்டார்கள்.

“நட்சத்திரம் போச்சேன்னு வயிறு எரியுதுய்யா,” என்றார் வாய் நிறையச் சோற்றோடு. “இன்னும் கொஞ்சம் போடு.”