பத்து மணிக்குப் படுத்துவிடும் சோலார்

என் பிள்ளை மஹேஷ் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் கிரைண்டரை விற்க இண்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்துவிட்டான். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, கீழே 'நல்ல கண்டிஷன்' என்று வேறு எழுதியிருந்தான். நல்ல கண்டிஷனில் இருப்பதை எதற்கடா விற்கிறாய் என்று கேட்டேன்.

ஆனால் வாயை விட்டவள் நான்தான். அவர் போன பிறகு, இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் இந்த வீட்டை நடத்துகிறேன். வலியசாலைத் தெருவில் பாதி வீட்டு அடுப்பில் வேகிறது அனந்தலக்ஷ்மி மாவு. கரண்ட் பில்தான் என்னைத் தின்றது. ஏறிக்கொண்டே போனது, இறங்குகிற பாடில்லை. மாவு விலையைக் கூட்டினாலோ எல்லோரும் கடைப் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு, தை மாதம் மொட்டை மாடியில் சோலார் வைத்தேன். கழக்கூட்டத்தில் பிளாட் வாங்கிப் போயிருந்த மஹேஷுக்கு அதில் இஷ்டமே இல்லை.

"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? நிறுத்திட்டு எங்களோட வந்து இரேன்" என்றான்.

"பங்குனி பில்லு வரட்டும். அதுலயும் குறையலைன்னா கிரைண்டரை வித்துட்டு, ஆத்தைப் பூட்டிண்டு வரேன். போருமா?" என்றேன்.

மாசி பில் வந்தது. குறையவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குளிக்கப் போனவள் காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்த மாதிரி குறைந்திருந்தது. மஹேஷ் ஒன்றும் பேசவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஆள் கூடக் கிடைத்துவிட்டது, பங்குனி பில் வருகிற அன்று வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு போனில் சொன்னான்.

பேசுகிற வேலையைப் பக்கத்து வீட்டு நாகேஸ்வரன் மாமா எடுத்துக்கொண்டார். ரிட்டையர் ஆனவர். மாமி பெண்ணின் பிரசவத்துக்காக துபாய் போயிருந்ததால் சமையல், துவையல், ஊர் வம்பு எல்லாம் அவர் தலையில். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். மாடியும் ஒட்டினாற்போலத்தான், நடுவில் ஒரு குட்டைச் சுவர்.

"சூரியன் பொதுச் சொத்தாக்கும், அனந்தலக்ஷ்மீ! உனக்கு மட்டும் வேலை பாக்குமா என்ன? நான் அப்பவே பறஞ்சேன். நீ கேட்டயா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தமாகச் சொல்வார்.

சோலார் வைத்துக் கொடுத்த பிரஜினைக் கூப்பிட்டேன். களியக்காவிளைப் பையன். அடுத்த வேலைக்குப் போகிற அவசரத்தில் காலை எட்டு மணிக்கே வந்து, மாடியேறி எல்லாப் பலகையையும் கழுவி, ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு என் போனில் ஒரு படத்தைக் காட்டினான். அன்றன்றைக்கு எவ்வளவு கரண்ட் வந்தது என்று கோடு போட்டுக் காட்டுகிற படம்.

"காலத்த நல்லாத்தான் ஏறுது அம்மா. பத்து மணி ஆனா சட்டுன்னு படுத்துருது. மூணு மணிக்கு மறுபடி எந்திரிக்குது. நிழல் விழுகதுக்கு மரமும் இல்ல. இன்வெர்ட்டரக் கழட்டி கம்பெனிக்குத்தான் அனுப்பணும் போல. வரதுக்கு ரெண்டு மாசம் ஆவும்."

ரெண்டு மாசமா? அதற்குள் என் கிரைண்டர் எவன் வீட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும். நான் பிளாட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் போன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் அதே கதை. நல்ல உச்சி வெயிலில் போய்ப் படுத்துக்கொள்கிற சோலாரை எங்காவது கேட்டதுண்டா? போனையே நாலு திட்டுத் திட்டினேன். ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போனபோது ஒரே ஒரு நாள் மட்டும் கோடு ஒழுங்காக உச்சி வரை ஏறி, ஒழுங்காக இறங்கியிருந்தது. அது என்ன நாள் என்று காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை.

பத்து மணிக்கு மாடி ஏறும். மூன்று மணிக்கு இறங்கும். அமாவாசைக்கு லீவு. எங்கள் அக்ரகாரத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு. வடாம்! தர்ப்பணம் செய்கிற வீட்டில் அமாவாசையன்று யாரும் வடாம் பிழிய மாட்டார்கள். இது பிரஜினுக்கும் தெரியாது, அவன் கம்பெனிக்கும் தெரியாது.

முட்டி வலியால் நான் மாடிக்குப் போவதே கிடையாது. மறுநாள் மத்தியானம் போனேன். ஒரு படிக்கு ஒரு தடவை நாகேஸ்வரன் மாமாவை மனசுக்குள் வைதுகொண்டே ஏறினேன்.

நினைத்தது சரிதான். என் பலகைகளின் கீழ் ஓரம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், வெள்ளை வேட்டி விரித்து, காற்றில் பறக்காமல் கிளிப் போட்டு, வரிசையாக வடாம் பிழிந்திருந்தது. குட்டைச் சுவரில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார் மாமா. கையில் காக்கா விரட்டும் குச்சி. வாயில் பாதி காய்ந்த வடாம்.

"என்ன மாமா இது?"

"வடாம்" என்றார், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி.

"அது என் சோலார் மேல எதுக்கு வந்தது?"

"மேல எங்கே போட்டேன்? கீழ் ஓரத்துலதானே போட்டிருக்கேன். பாக்கி எல்லாம் உனக்குன்னு விட்டிருக்கேனே. கண்ணாடி சூட்டுல ஒரே நாள்ல காஞ்சுடறது, கேட்டயா? மண்ணும் ஒட்டறதில்லை. இவ்வளவு இடம் சும்மாக் கிடக்கறதேன்னு..."

பிரஜினுக்குப் போன் போட்டு, மாமாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் அலறிவிட்டான். "அய்யோ அம்மா! ஓரத்த மூடினா மொத்தமும் படுத்துரும். கோயில் திருவிழாவுக்குப் போடுகாவள்லா சீரியல் பல்பு, அதப் போல. ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு!"

மாமாவின் வாய் வடாமோடு அப்படியே நின்றுவிட்டது. கிளிப்பை எல்லாம் நானே பிடுங்கினேன். வேட்டிகளைச் சுருட்டி அவர் மடியில் வைத்தேன். முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த வெயிலிலேயே நின்று போனைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தக் கோடு எழுந்தது. நேரே மேலே, அந்த அமாவாசையன்று ஏறின உயரத்துக்கு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பொதுச் சொத்து மாமா! பாருங்கோ, பொதுச் சொத்து எப்படி வேலை பாக்கறதுன்னு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

பாவம், துவண்ட வேட்டிகளோடு நின்றார். மாடித் தரையில் ஒரு மூலையைக் காட்டி, அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவரும் வேறு வழியில்லாமல் போட்டார். அன்றிலிருந்து விடிகாலையில் அரைப்பதை விட்டுவிட்டு நானும் நல்ல வெயிலில் அரைக்க ஆரம்பித்தேன். மஹேஷிடம் மூச்சு விடவில்லை. அவன் நேரில் பார்க்கட்டும்.

பங்குனி பில் நாளும் வந்தது. மீட்டர் ரீடிங் எடுக்கும் ரெம்யா வாசலில் நுழைந்தபோது மஹேஷ் ஹாலில் இருந்தான். கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான், கடங்காரன். ரெம்யா மெஷினைத் தட்டினாள், சீட்டைக் கிழித்தாள், இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"மாமீ, இது கொள்ளாமல்லோ! பிக்ஸட் சார்ஜ் மாத்ரமே உள்ளூ. ஓடிய கரண்டுக்கு ஒந்நும் இல்லா" என்றாள் மலையாளத்தில். மாதா மாதம் கட்டுகிற நிலைக் கட்டணம் மட்டும்தான், ஓடின கரண்டுக்குக் காலணா கிடையாது!

மஹேஷ் சீட்டை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்று நினைத்தானோ. "மெஷின் தப்பாம்மா?" என்றான்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீதான் தப்பு" என்றேன். எவ்வளவு நாளாகத் தொண்டையில் வைத்திருந்த வாக்கியம்!

அதற்குள் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. சத்தியதாஸ் என்று பெயர் சொன்னார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹோட்டல் வைத்திருக்கிறாராம். கிரைண்டர் வாங்க வந்தவர். மஹேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கிரைண்டர் விக்கறதுக்கில்லை" என்றேன்.

"அய்யோ, ஒங்க மவன் வெலை பேசியாச்சே அம்மா. வண்டி பிடிச்சுல்லா வந்திருக்கேன்!"

"நீங்க கிரைண்டரைக் கொண்டு போனாலும் அதை ஓட்ட கரண்ட் வேணுமே. உங்க பில்லு எப்படி?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதப் பத்திக் கேக்காதிய. பில்லு கட்டியே நான் தீந்துருவேன் போலுக்கு."

"அப்போ கிரைண்டர் எதுக்கு? மாவு கொண்டு போங்கோ. என் கிரைண்டர் வெயில்ல ஓடறதாக்கும்" என்று சொல்லி உள்ளே போய் இரண்டு இட்லி கொண்டு வந்து வைத்தேன். நின்றுகொண்டே தின்றார். இன்னும் இரண்டு கேட்டார். பிறகு நாளையிலிருந்து தினமும் எவ்வளவு தர முடியும் என்று கேட்டார்.

கிரைண்டரை ஏற்றிப் போக வந்த வண்டியில் அன்றைக்கு அரைத்து வைத்திருந்த மாவுத் தூக்குகள் ஏறின. ஏற்றியவன் மஹேஷ்தான். சட்டையெல்லாம் மாவு. நாகேஸ்வரன் மாமா அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்தப் பிரஜின் நம்பர் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். கொடுத்தேன். வடாமுக்கு லீவு விடுகிற அமாவாசையன்று கூப்பிடச் சொன்னேன்.

வண்டி போனதும் மஹேஷ் போனை எடுத்தான். "விளம்பரத்தை அழிச்சுடறேன்மா" என்றான்.

"அழிக்க வேண்டாம். 'விற்பனைக்கு'ன்னு இருக்கற இடத்துல 'தேவை'ன்னு மாத்து. இனிமே ஒரு கிரைண்டர் போராது" என்றேன்.