அணைய மறுத்த வில்லை

அண்ணனின் தலைக்குள் கட்டி. அது எங்கே, எவ்வளவு என்று படம் பிடித்துக் காட்ட வேண்டிய ஆஸ்பத்திரி யந்திரமோ கண்ணவிந்து கிடந்தது. அதன் கண், எக்ஸ்ரே கதிர் பட்டால் ஒளிரும் ஒரு பீங்கான் வில்லை. அது விரிசல் விட்டுவிட்டது. வேறு ஊருக்குத் தூக்கிப் போனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார் டாக்டர். அந்த வில்லையைச் சுடுகிற தொழிற்கூடத்தில் உலைக்காரி யார் என்றால், அவனுடைய சொந்தத் தங்கை. பாழாய்ப்போன விதிக்கு விளையாட வேறு வீடு கிடைக்கவில்லை.

பொடியை அரைத்து, அழுத்தி, காற்றை உறிஞ்சிய உலையில் சுட்டு எடுத்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. இனி அதைக் காற்றுள்ள உலையில் ஒரு நாள் முழுக்க இரண்டாம் சூடு போட வேண்டும். "ரெண்டாம் சூட்டுல மட்டும் அவசரம் காட்டாதீங்க, சொல்லிட்டேன்!" என்று எல்லாரிடமும் கத்துகிறவள் அவள்தான்.

அண்ணி போன் செய்தாள். "வாய் கோணிக்கிட்டு வருதும்மா. என்னையே யாருன்னு கேக்குறாரு. எப்ப கொண்டு வருவே?"

"இன்னிக்கே கொண்டு வந்துடறேன் அண்ணி."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் இரண்டாம் சூட்டை விட்டுவிட்டாள். வில்லையை மெருகேற்றிச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, கதிரைப் பாய்ச்சினாள்.

பச்சையாக ஒளிர்ந்தது. அண்ணன் பிழைத்தான் என்றே நினைத்தாள், பாவி. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதிரை நிறுத்தினாள். வில்லை ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

மறுபடி போன்.

"எரியுதாம்மா?"

"எரியுது அண்ணி."

"அப்பாடா! அப்புறம் ஏன் அழுவுறே?"

"அணைய மாட்டேங்குது. கதிர் நின்னதும் அணையணும். இல்லன்னா ஒரு படத்து மேல இன்னொரு படம் விழுந்து எல்லாம் கலங்கிப்போயிடும். புத்தி கெட்டு அவசரப்பட்டு ரெண்டாம் சூட்டை விட்டுட்டேன். திரும்பச் சுடணும், நாளைக்குத்தான்..."



"படம் இல்லாட்டியும் பரவால்ல, காலையிலேயே ஆபரேஷன் பண்ணிடறேன்னாரு டாக்டர். நீ கொண்டு வர்றேன்னு சொன்னியேன்னு நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தி வெச்சேன். இப்ப நினைவே இல்ல. படம் இல்லாமலே உள்ள கொண்டு போறாங்க."

அண்ணி போனை வைத்துவிட்டாள்.

உலைக்காரி வில்லையை எடுத்துக் காற்றுலைக்குள் வைத்தாள். சூட்டை மெல்ல மெல்ல, முறைப்படி ஏற்றினாள். இந்தத் தடவை அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.